தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 12

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏலக்காய் எடுப்பு நேரம், மேலே தோட்டத்துக்கும் கீழே வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. அத்தைக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, "மாமாவோட துப்பாக்கியை ஒப்படைச்சிரலாமான்னு யோசிக்கிறேன், ரிப்பேர் பார்க்கத்தான் ஆளே இல்லையே" என்று. ஒப்படைக்காதே. ஆள் இருக்கிறார். எங்கள் தாத்தா துப்பாக்கி போன மாதம்தான் அவர் கையிலிருந்து திரும்பி வந்தது. நான் அலைந்த அலைச்சல் உனக்காவது உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உனக்கு அந்தத் துப்பாக்கி நினைவிருக்கும். தாத்தா திண்ணையில் சாக்கை விரித்து, குழலைக் கழற்றித் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுப்பார். நாம் இரண்டு பேரும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். 12 போர் என்றால் என்ன என்று அவர்தான் சொன்னார்: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் குழலின் துளை. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அவர் வேட்டைக்குப் போனதே இல்லை. பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அப்பா காலமான பிறகு துப்பாக்கியைச் சட்டப்படி ஒப்படைத்து டெபாசிட்டில் வைத்தோம். என் பேருக்கு லைசென்ஸ் வந்து வெளியே எடுக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. கையில் வாங்கி மடக்கி மூடிப் பார்த்தேன். மூடும்போது 'டக்' என்று பெட்டி பூட்டுவது மாதிரி ஒரு சத்தம் வருமே, அது இல்லை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு லேசாக ஆட்டினால் உள்ளே கடகடவென்றது. இடது குழலின் விசையும் செத்துப்போயிருந்தது.

முதலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "குழலை உள்ளே கடைஞ்சு, வெளியே கறுப்பு ஏத்தி, பத்து நாள்ல புதுசாத் தர்றேன்" என்றார். கொடுத்திருப்பேன். ஆனால் அவர் பேசிக்கொண்டே ஒரு தடித்த திருப்புளியை எடுத்து ஒரு திருகாணியில் வைத்தார். அது பொருந்தாமல் வழுக்கி இரும்பில் கீறியது. அந்தத் துப்பாக்கியில் அடிப்பக்கத் திருகாணிகளின் வெட்டெல்லாம் குழல் போகிற திசைக்கே நேராக நிற்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் பர்மிங்காமில் ஒருவன் அப்படிப் பார்த்துப் பார்த்து முடுக்கியிருக்கிறான். அதன்மேல் ஒரு கீறல் விழுந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கர்நாடகத்தில் குடகுப் பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே குடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போத் என்கிற அவர்களுடைய ஆயுதத் திருநாள் அன்று வீட்டுக்கு வீடு துப்பாக்கியைப் பூ வைத்துக் கும்பிடுகிற ஊர், கைதேர்ந்தவர்கள் இல்லாமல் இருப்பார்களா? ஆனால் என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். எல்லை தாண்டி எடுத்துப்போவதற்குத் தனி அனுமதி. நம்மூர் லேத் பட்டறையில் ஒரு தம்பி, "கொண்டாங்கண்ணே, நான் பார்த்துத் தர்றேன்" என்றான். நல்ல கை அவனுக்கு. ஆனாலும் கொடுக்கவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கவும் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும் மாப்ள. அது இல்லாதவரிடம் கொடுத்தால் அவனும் மாட்டுவான், நாமும் மாட்டுவோம்.

கடைசியில் திருச்சியில் ஆள் கிடைத்தார். அங்கே 1966-இல் வந்த படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். இப்போது லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் வாரத்தில் மூன்று நாள் உட்காருகிறார். என் லைசென்ஸை வாங்கிப் பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுத்த பிறகுதான் உறையையே பிரித்தார்.

அவர் பார்த்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குழலைத் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கிற கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். கோயில் கைமணி மாதிரி நீளமாக ரீங்காரம் வந்தது. அது அடங்கும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பட்டி விடலை. ஈயப்பற்று நல்லா இருக்கு" என்றார். இரண்டு குழலையும் சேர்த்து நிற்கிற பட்டி ஈயத்தால் பற்றவைத்தது. எங்கேயாவது விட்டிருந்தால் மணிச்சத்தம் வராது, தகரத்தைத் தட்டினது மாதிரி மொத்தென்று இருக்குமாம்.

முதல் கடைக்காரர் சொன்ன கறுப்பு ஏற்றுகிற விஷயத்தைக் கேட்டேன். பதறிப்போனார். இப்போது பல இடத்தில் காஸ்டிக் சோடாக் காரம் கலந்த கொதிக்கிற உப்புத்தொட்டியில் முக்கித்தான் நிறம் ஏற்றுகிறார்களாம். அந்தக் காரம் ஈயத்தைத் தின்றுவிடும், பட்டி கழன்றுவிடும். பழைய இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றித்தான் கறுப்பாக்க வேண்டும். "உங்களுதுக்கு அதுவும் வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

பிறகு குழலின் பின்பக்கத்தை விளக்குப் புகையில் காட்டி, கரி பிடிக்க வைத்து, மாட்டி மூடித் திறந்தார். கரி எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று எனக்கும் காட்டினார். கீழே ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது, மேலே சுத்தமாக இல்லை. மூடினாலும் குழல் அதன் பின்னால் இருக்கிற இரும்பு முகப்போடு ஒட்டி உட்காரவில்லை என்று அர்த்தம். கீல் முளை தேய்ந்துவிட்டது. புது முளை கடைந்து போட்டார், அரம் ஒரு இழுப்பு, கரி ஒரு ஒற்று என்று நாள்கணக்கில் பொருத்தியிருக்கிறார். இடது பக்க விசைக்குள் 'வி' வடிவ வில் முறிந்திருந்தது. அதையும் பட்டை எஃகில் அடித்துப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு அந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை சூடாக்கிப் பதம் எடுத்தார்.

கட்டைதான் என்னை வருத்தியது. இரும்போடு சேருகிற இடத்தில் கறுத்து, நகம் பதிகிற அளவுக்கு மெத்தென்றாகியிருந்தது. காரணம் நாங்களேதான். வருஷக்கணக்காகத் துப்பாக்கியை வாய் மேலே இருக்க மூலையில் நிறுத்தினோம், போட்ட எண்ணெயெல்லாம் இறங்கி மரத்துக்குள் ஊறிவிட்டது. போதாக்குறைக்கு அப்பா கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். அது காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் காய்ந்து இறுகும். பெரியவர் சுண்ணக்கட்டிப் பொடியைக் குழைத்து அப்பி, லேசாகச் சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். பொடி ஒவ்வொரு தடவையும் காப்பிக்கொட்டை நிறத்தில் வந்ததாம். அதற்கு மட்டும் ஒரு மாதம்.

தோட்டா விஷயம் ஒன்று, இதை உன் துப்பாக்கிக்கும் கட்டாயம் கேள். எங்களுடையதில் மகுடத்துக்குக் கீழே என்.பி. என்று முத்திரை இருக்கிறது, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது என்பதற்கு அடையாளம். ஆனால் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது கடையில் பெரும்பாலும் 70. அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டா அதைவிடக் குட்டை, ஆகவே அறைக்குள் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும், எந்த மறுப்பும் காட்டாது. வெடிக்கும்போதுதான் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அப்பா எத்தனை வருஷம் அதைப் போட்டுச் சுட்டார் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

குழலின் மேலே வரிசையாக மூன்று இடத்தில் சின்னச் சின்னக் குழியாகத் துரு தின்றிருந்தது. "இங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். எனக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஆயுத பூஜைக்கு அப்பத்தா வைத்த சந்தனப் பொட்டு. ஈரச் சந்தனம், மறுநாள் துடைக்கவும் மாட்டாள், துடைத்தால் சாமி குத்தம் என்பாள். தேய்த்து எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் ஐயா, மேலோட்டமாக இருந்தால் அப்படியே இருக்கட்டும் என்றேன். எண்ணெய் மட்டும் பூசிக் கொடுத்தார்.

இப்போது உன் காரியம். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016 விதிகளின்படி லைசென்ஸ்காரருக்கு எழுபது வயது ஆனாலோ, அல்லது 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்றக் கேட்கலாம். எனக்கு இது தெரியாமல் அப்பா போன பிறகு அலைந்தேன். நீ மாமாவைக் கூட்டிக்கொண்டு இந்த மாதமே விண்ணப்பம் கொடுத்துவிடு, அவர் கையெழுத்தும் அவர் வார்த்தையும் இருக்கும்போது எல்லாம் சுலபம். அது முடிந்ததும் தை மாதம் திருச்சிக்குப் போவோம், நான் போடியிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அதுவரைக்கும் யாரும் அதில் தோட்டா போட வேண்டாம். இன்றைக்கே பீரோவைத் திறந்து, குழல் வாய் கீழே இருக்கும்படி ஒரு துணிமேல் திருப்பி நிறுத்திவிடு.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அத்தையைக் கேட்டதாகவும் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள