பரணில் கிடக்கும் பள்ளி நோட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பள்ளி நோட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ‘நாட்குறிப்பு எழுதுக’ என்ற வீட்டுப்பாடத்தில் ஏழு நாளும் ‘காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்’தான். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்குப் போயிருப்பார்கள்! ஒரே ராத்திரியில் எழுதி முடித்த லட்சணம் அது. ஓரத்தில் சிவப்பு மையில், ‘கையெழுத்தைத் திருத்து’.

வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுங்கள். துரு காகிதத்தை அரித்து, நடுத்தாள் தானே கழன்றுவிடும். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும். அதே ஓட்டைகளில் பருத்தி நூலைக் கோத்துத் தைத்தால் போதும்.

செல்லோ டேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ராயல் புளூ மை ஈரம் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். ஆகவே ஈரத்துணியால் துடைப்பதும் மொட்டைமாடியில் காயவைப்பதும் கூடாது. உலர்ந்த மென்தூரிகையே சரி. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.

லேபிளை ஒட்டிய மைதாப் பசைதான் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. ஈரமில்லாத அலமாரியில், பிளாஸ்டிக் பைக்குப் பதில் அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து அடுக்குங்கள்.

செல்போனில் படமெடுப்பவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பென்சில் எழுத்து ஃபிளாஷில் பளபளத்து மறைந்துபோகும். கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். புள்ளி வைத்துக் கட்டம் போடும் விளையாட்டு, வாத்தியார் கார்ட்டூன் எல்லாம் அங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி