டோக்கன் இல்லாமல் போன படகு

பாம்பன்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று நேற்று நீ போனில் பேசியதில் பாதி காற்றில் போய்விட்டது. நீ அனுப்பிய கடிதத்தை இ-சேவை மையத்துப் பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா! பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு அலை வந்து போய்விடும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ரெண்டு வருடமாவது இருந்தவனுக்கு வேலை போனால் பாதிச் சம்பளம், 90 நாள் வரை. உன் 18,000 சம்பளத்துக்கு 27,000 ரூபாய் வந்திருக்கும். ஆனால் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவனுக்குக் கிடையாதாம்.

கூட்டாளி வராத நாளில் அவன் வருகைக் கார்டை நீ பஞ்ச் பண்ணியிருக்கிறாய். "எல்லாரும் செய்றதுதான்" என்கிறாய். அப்பாவிடம் சொன்னேன். வலை தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைப் பல்லில் கடித்தபடி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மீன்துறை அனுமதிச் சீட்டான டோக்கன் போடாமல் கடலுக்குப் போன அந்த நாளைச் சொன்னார். நீ அப்போது எட்டாவது. படகுக்கு டோக்கனையும் மானிய டீசலையும் நிறுத்திவிட்டார்கள். ஓனர் சொல்லித்தான் போனார்கள், இருந்தாலும் கரையில் கிடந்தது அப்பாவும்தான். மூன்று வாரம் நான் கடல்பாசி எடுத்த காசில்தான் உலை வைத்தோம். விரலில் சுற்றத் துணியில்லாமல் உன் பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்தேன், நீ அதற்கு அழுதாய். அப்பா ஒரு நாளும் அந்த டோக்கனைக் குறை சொன்னதில்லை.

அதனால் அந்த 27,000-ஐ விட்டுவிடு. மற்றதை விடாதே. பி.எஃப். உன் பணம், எந்த ஒழுங்கீனமும் அதைத் தொட முடியாது. 6 வருடம் வேலை பார்த்தவனுக்குக் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் உண்டு. இல்லை என்றால் ஏன் என்று எழுத்தில் கேள். விசாரணை வைத்தார்களா, நீ எதில் கையெழுத்துப் போட்டாய்? அந்தத் தாள்களையெல்லாம் எடுத்து வை.

அத்தை கேட்டாள், ஆள்குறைப்பு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும். புது இடத்தில் கேட்டால் நீ அப்படிச் சொல்லாதே.

ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். நிவாரணம் 8,000 வரும், அதை வைத்து ஓட்டிவிடலாம். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்க ஆள் வேண்டுமாம். புதுப் பாலத்து ரயிலில் வந்துவிடு. இங்கே கார்டெல்லாம் கிடையாது, ஆள் வந்தால்தான் கூலி. வரும்போது அப்பாவுக்கு மூட்டு வலித் தைலம் ஒன்று வாங்கி வா.

அம்மா