செத்தவனுக்கு எதற்கு இத்தனை மூட்டு?

அன்புள்ள சண்முகம்,

நலம், வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் எட்டு மாதம் இருந்துவிட்டேன். அது தவறுதான், அம்மாவிடம் என் பங்குக்கு நீயே திட்டு வாங்கிக்கொள். இப்போது எழுதுவது முப்பது ஆண்டுகளாக உனக்கு நான் பாக்கி வைத்திருக்கும் ஒன்றைத் தீர்ப்பதற்காக.

நம் விடுதி அறையில், நூலகத்திலிருந்து எடுத்து வந்த கலைக்களஞ்சியத்தை நடுவில் விரித்துக்கொண்டு விடிய விடிய வாதம் செய்தோமே, அந்தப் படம் நினைவிருக்கிறதா? கிரேக்க நாட்டின் டென்ட்ரா கவசம். இத்தனை தகட்டையும் மாட்டிக்கொண்டு எவனாலும் நாலடி நடக்க முடியாது, இது பிணத்தோடு புதைப்பதற்கென்றே செய்த அலங்காரம் என்று நான் சாதித்தேன். பேராசிரியரும் என் பக்கமே நின்றார். அப்பாவின் பாத்திரப் பட்டறையில் வளர்ந்த நீ, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "செத்தவனுக்கு எதுக்குடா இத்தனை மூட்டு?" என்று கேட்டாய். நாங்கள் அனைவரும் சிரித்தோம். சண்முகம், நீ கேட்டதுதான் சரியான கேள்வி.

சென்ற மாதம் மகளோடு கிரேக்கத்துக்குப் போயிருந்தபோது, நாஃப்பிளியோ நகரத்து அருங்காட்சியகத்தில் அந்தக் கவசத்தை நேரில் பார்த்தேன். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய கல் கட்டடம் அது. டென்ட்ரா கிராமத்தின் 12ஆம் எண் கல்லறையில் 1960இல் கிடைத்த அந்தக் கவசம், கிரேக்கத்தின் வெண்கலக் கால நாகரிகமான மைசீனிய நாகரிகம் செழித்திருந்த கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகள் மற்றக் கூடங்களையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னாலேயே நின்றிருந்தேன்.

உன் கண்ணால் பார்க்க முயன்றேன். மொத்தம் 15 வெண்கலத் துண்டுகள். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. இரண்டும் இடப்பக்கம் கீலால் இணைந்திருக்க, வலப்பக்கத்தில் கட்டுவதற்கு வளையம் இருக்கிறது. தகட்டின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். கழுத்தைச் சுற்றி உயரமான பட்டை. இடுப்பிலிருந்து முழங்கால் நோக்கித் தொங்கும் மூன்று இணை வளைந்த தகடுகள். உள்ளே தோல் வைத்துத் தைப்பதற்கு விளிம்பெங்கும் சிறு துளைகள் வரிசையாக இருக்கின்றன. தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கி அறையாமல், மாட்டுத்தோல் வாரால் தளர்வாகப் பிணைத்திருக்கிறார்கள். ஆகவே உடல் குனியும்போது தகடும் கூடவே மடிந்து கொடுக்கும். என் வாதம் முற்றிலும் உடைந்து போனது தோளருகேதான். தோள்காப்பிலிருந்து முக்கோண வடிவில் ஒரு சிறு தகடு தனியாகத் தொங்குகிறது. ஈட்டி எறியக் கையை உயர்த்தும் கணத்தில் அக்குள் திறந்துகொள்ளும் அல்லவா, அந்த ஒரு கணத்துக்காக மட்டுமே செய்யப்பட்ட தகடு அது. கல்லறையில் கிடப்பவன் கையை உயர்த்துவதில்லை.

என் கண்ணை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. தெஸ்ஸலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஃப்ளூரிஸும் அவருடைய குழுவினரும் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1984இல் பர்மிங்காமின் ஒரு கலைக்கல்லூரியில் செய்யப்பட்ட இக்கவசத்தின் நகலை, கிரேக்க ராணுவத்தின் மரைன் படை வீரர்கள் 13 பேருக்கு அணிவித்து, ஹோமரின் இலியட் காவியத்தில் வரும் சண்டைகளை அடியொற்றி, 11 மணி நேரம் போரிட வைத்திருக்கிறார்கள். ரொட்டி, மாட்டிறைச்சி, ஆட்டுப்பாலாடைக்கட்டி, வெங்காயம், திராட்சை மது என்று உணவைக்கூட அந்தக் காலத்துப்படியே கொடுத்து, இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் அளந்து பார்த்ததில், வீரர்கள் களைத்தார்களே தவிர, கவசம் அவர்களுடைய போர்த்திறனைக் கெடுக்கவில்லை என்று தெரிந்தது. கல்லறை திறந்து 64 ஆண்டுகளுக்குப் பின்னால்தான் ஒருவருக்கு இதை நாள் முழுக்க அணிந்து பார்க்கத் தோன்றியிருக்கிறது; நீயோ படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாய்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிக்க முடியாமல் கிடந்த அந்தக் காலத்துக் களிமண் ஏடுகளை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் வாசித்துக் காட்டினாரே, அவற்றில் கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனைக் கணக்குகளும் உண்டு. ஒரு வீரனின் பெயர், அவனுக்கு ஒரு தேர், குதிரை, ஒரு கவசம் என்று படக்குறிகளால் எழுதியிருக்கிறார்கள். சில ஏடுகளில் கணக்கன் முதலில் கவசக் குறியைக் கீறிவிட்டு, பிறகு அதை அழித்து, அந்த இடத்தில் உலோகக் கட்டியின் குறியை எழுதியிருக்கிறான். கவசம் கையிருப்பில் இல்லை, கட்டியாகக் கொடுக்கிறோம், அடித்துக்கொள் என்று சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெண்கலத்தின் அருமை உனக்கா தெரியாது? செம்பு ஓரிடத்திலும் வெள்ளீயம் எங்கோ தொலைவிலுமாகக் கிடைக்க, இரண்டும் கடல் வழியாக வந்து சேர்ந்தால்தான் உலை எரியும். துருக்கிக் கரையோரம் உலுபுருன் அருகே மூழ்கிக் கிடந்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. அப்படிப்பட்ட உலோகத்தில் இத்தனையைச் சவத்துக்காக மட்டும் ஒருவன் அடிப்பானா என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த கவசங்கள் இதைவிட நுட்பமானவை என்று நினைத்துவிடாதே. ஏழு நூற்றாண்டு கழித்து, பக்கத்து ஊரான ஆர்கோஸில் புதைக்கப்பட்டவனின் உடற்கவசம் மார்புக்கும் முதுகுக்குமாக வெறும் இரண்டே தகடுகள். அதற்கும் பிறகு நார்த்துணிக் கவசம் பரவியது. எகிப்திய அரசன் அமாசிஸ் அனுப்பிய ஒன்றில் ஒவ்வோர் இழையும் 360 நூல்களால் ஆனது என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வியந்து எழுதுகிறார்.

இதையெல்லாம் பார்த்தபோது, இன்றைக்குக் கவசம் அணிந்து வேலை பார்க்கும் நம் கதிரின் நினைவே வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு வந்திருந்தபோது, குண்டு துளைக்காத சட்டையின் கனத்தைவிட, அதைப் போட்டுக்கொண்டு குனியவும் வேர்வையைத் துடைக்கவும் முடியாததுதான் கொடுமை என்று அவன் சொன்னான். சேர மன்னனைச் "சான்றோர் மெய்ம்மறை" என்று பதிற்றுப்பத்து அழைப்பதை நம் தமிழாசிரியர் விளக்கியபோது, தன் வீரர்களின் உடலுக்குத் தானே கவசமாக நிற்பவன் என்று பொருள் சொன்னார். அந்தச் சொல் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அந்த அக்குள் தகட்டை அடித்தவன், அணியப்போகிறவனின் கையை ஒருமுறையாவது தூக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கதிருக்குச் சட்டை தைக்கிறவர்கள் அப்படிப் பார்க்கிறார்களா? அடுத்த முறை பேசும்போது அவனிடம் கேட்டு எனக்கு எழுது.

தோள்பகுதியைப் பல கோணங்களில் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மார்கழியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் அந்தத் தோள் வளைவை ஒரே தகட்டில் எப்படி எடுத்திருப்பார்கள், எத்தனை முறை உலையில் காட்டி இளக்கியிருப்பார்கள் என்று உன் பட்டறையில் ஒரு துண்டைத் தட்டிப் பார்த்து வை.

அன்புடன்,
ராமநாதன்