அக்காவுக்கு, 15 வருஷம் கழித்து

அக்கா,

இந்த மாதத்தோடு 15 வருஷம். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன தடவை பேசும்போது, "அது நான் இல்லைக்கா, அன்னிக்கு இருந்தவன் வேற ஆள்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். சமாளிக்கிறான் என்று நினைத்திருப்பாய். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். துணைக்கு ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதியைப் பிடித்து வைத்திருந்தேன். நினைவு எதுவரை எட்டுகிறதோ அதுவரைதான் ஒருவன் அதே ஆள் என்று 1694இல் எழுதியவர். அந்த ராத்திரி உன்னிடம் என்ன சொன்னேன் என்பது எனக்குத் துளியும் நினைவில்லை. நான் இருந்த நிலை உனக்குத் தெரியும், நாலு பேர் படிக்கிற இடத்தில் அதை எழுதவில்லை. போதையில் செய்தது நினைவில்லை என்றாலும் சட்டம் தண்டிக்கத்தான் செய்யும் என்று அதே லாக் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை வசதியாகத் தாண்டிப் போயிருந்தேன்.

1785இல் தாமஸ் ரீட் என்ற இன்னொரு தத்துவவாதி லாக்கை மடக்கினார். தோட்டத்தில் திருடி அடிவாங்கிய சிறுவன் வளர்ந்து, படை அதிகாரியாகி எதிரியின் கொடியைப் பறிக்கிறான், பிறகு தளபதியாகிறான். அதிகாரிக்கு அடி ஞாபகம் இருக்கிறது. தளபதிக்குக் கொடி ஞாபகம் இருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் சொல்படி நேரே பார்த்தால் தளபதி அந்தச் சிறுவன் இல்லை. அதிகாரி வழியாகப் பார்த்தால் அவனேதான்.

இதைப் படித்ததும், அந்த ராத்திரிக்கு மறுநாள் காலை கண்முன் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாய். வெள்ளைப் பித்தான், நீல நூல். நிமிரவே இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சட்டையை என் பக்கம் தள்ளினாய். உன் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஏன் பார்க்கவில்லை? அந்தக் காலையில் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அப்புறம் அந்த ராத்திரி மறந்துபோச்சு, அந்த வெட்கம் மறக்கவில்லை.

அவன் நான்தான்க்கா. மன்னித்துவிடு.

ஆனால் அதற்கப்புறம் வந்தவனை நீ ஒரு தடவையாவது பார்த்தாயா? என் பிள்ளைகள் எதிரில்கூட அந்த 22 வயதுப் பையனிடம்தான் பேசுகிறாய். அதே ஆள் என்றால் மாறவே மாறாத ஆள் என்றா அர்த்தம்? நீ மட்டும் பழைய அக்காவா? அவள் கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுவாள். நீ பேசாமல் இருந்தே கொல்கிறாய்.

அதிகமாக எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றைக்கு என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லு. அது இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

தம்பி