“குடிநீர்ப் பிரச்சினை” என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி நகர்மன்றங்களின் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஆணையர்கள், பொறியியல் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வார்டில் தெருக்காரர்கள் குறை சொல்லும் பகுதி சபை கூடுகிறது. ஒருவர் எழுந்து, தண்ணீர் கலங்கலாக வருகிறது என்கிறார். அடுத்து ஒரு அம்மா, சாக்கடை நாற்றத்தில் வாசலில் உட்கார முடியவில்லை என்கிறார். குறிப்பெடுப்பவர் நோட்டில் எழுதுவது இவ்வளவுதான்: “குடிநீர்ப் பிரச்சினை – ஆவன செய்யப்படும். சாக்கடை – ஆவன செய்யப்படும்.” எந்த ஊரின் குறிப்பேட்டைப் புரட்டினாலும் இந்த வரிகளைப் பார்க்கலாம். அடுத்த கூட்டத்தில் அதே ஆட்கள், அதே பேச்சு. வேலை நடக்காததற்கு அலட்சியம்தான் காரணம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பாதிக் கோளாறு அந்த ஒற்றை வரியிலேயே இருக்கிறது என்று நாங்கள் சொல்கிறோம். அதை வைத்துக்கொண்டு குழாய் பழுதுபார்க்கும் ஃபிட்டர் எங்கே தோண்டுவார்? உதவிப் பொறியாளர் எதற்கு எஸ்டிமேட் போடுவார்?

நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் எழுந்து பேச முடியாது. உறுப்பினர்தான் பேச வேண்டும். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். நம்மைப் போன்ற நடுத்தர ஊர்களுக்கு வாசல் திறந்தது, தமிழக அரசு 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்த பிறகு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் சுற்று கூட்டங்கள் நடந்தன. தெருக்காரர் வாய் திறந்து கேட்கக்கூடிய ஒரே சபை அது. அங்கே சொன்னது சொன்னபடி பதிவாகாவிட்டால் உறுப்பினர் மன்றத்தில் பேசவும் கையில் ஒன்றும் இருக்காது.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். “கலங்கலாக வருகிறது” என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

நம் ஊர்களில் மெயின் குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்பதில்லை; முறை வைத்து விடுகிறோம். வால்வை மூடியதும் மேட்டுத் தெருவில் நின்ற தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கிவிடும். குழாய் காலியாகும்போது உள்ளே இழுவை உண்டாகும். நூல் அளவு விரிசல், தளர்ந்த ஃபெருல் (மெயினிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் மூட்டு), துருப்பிடித்த ஜி.ஐ. இரும்புக் குழாய் எங்கே இருந்தாலும் வெளியே தேங்கியிருப்பதை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடையின் குறுக்கே, சில இடங்களில் சாக்கடைத் தண்ணீருக்குள் மூழ்கியே போகிறது. மெயினில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடுகள் இருந்தால் தண்ணீர் வரும் நேரத்திலும் இதே இழுவைதான். திறந்துவிட்டதும் முதல் பத்து நிமிடம் நாற்றத்தோடு வந்து பிறகு தெளிந்தால், குழாய் காலியாகக் கிடந்த நேரத்தில் கழிவுநீர் உள்ளே போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வீடுகளில் வருகிறது என்று கேட்டால் கோளாறு இருக்கும் இடமும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். ஒரே வீட்டில் மட்டும் என்றால் ஃபெருலுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில். ஒரு வீட்டில் தொடங்கி அதற்குப் பிறகு வரும் எல்லா வீடுகளிலும் என்றால், கடைசி நல்ல வீட்டுக்கும் முதல் கெட்ட வீட்டுக்கும் நடுவில் மெயின் உடைந்திருக்கிறது. ஒரு மேல்நிலைத் தொட்டியை நம்பியிருக்கும் தெருக்கள் அத்தனையிலும் என்றால் குழாயை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்க்க வேண்டும். தெருக் கோடியில் உள்ள இரண்டு மூன்று வீடுகளுக்கு மட்டும் செம்மண் நிறத்தில், நாற்றமில்லாமல் வந்தால் அங்கே உடைப்பே இருக்காது. குழாய் முடியும் முட்டு முனையில் மண்டி தேங்கியிருக்கும். மண்டியை வெளியேற்றும் ஸ்கவர் வால்வைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டாலே போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் தோண்டுவதால்தான் ஒரு உடைப்புக்கு மூன்று இடத்தில் ரோடு வெட்டப்படுகிறது. வெட்டின ரோட்டை மூட இன்னொரு எஸ்டிமேட் வருகிறது.

குளோரினையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஃபிட்டர் கையில் இருக்கும் சோதனைக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீந்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். முந்தைய வீட்டில் மஞ்சளாகி இந்த வீட்டில் நிறமே மாறவில்லை என்றால், நடுவில் கலந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது. மண்ணைத் தோண்டாமலே கிடைக்கும் சாட்சி அது.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள், பகுதி சபை நோட்டில் குடிநீர்க் குறைக்கு இத்தனை கட்டங்கள் வேண்டும்: தெரு, குறை தொடங்கும் கதவு எண், முடியும் கதவு எண், தண்ணீர் விட்ட தேதியும் நேரமும், எத்தனை நிமிடம் கலங்கலாக வந்தது, நிறம், நாற்றம் உண்டா இல்லையா, எந்தத் தொட்டியின் தண்ணீர். கேட்டு எழுத ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஜனங்களிடம் விவரம் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. குடம் வைத்துப் பிடிக்கும் பெண்களுக்கு எந்த வீட்டிலிருந்து கெட்டது தொடங்குகிறது என்பது நிமிடக் கணக்கோடு தெரியும்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை எந்தக் குடியிருப்பாளரும் எழுந்து சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாது. ஃப்ளோரைடைச் சொல்கிறோம்.

இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடிப் பாறையிலிருந்து அது தண்ணீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், குடிக்கவும் நன்றாக இருக்கும். அதனால் வரும் கேடு, குழந்தையின் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயதுக்குள், உள்ளே போய்விடுகிறது. பல் முளைத்து மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரியும்போது காரணமான தண்ணீர் குடித்துச் சில வருடங்கள் ஆகியிருக்கும். எலும்புக்கு வரும் கேடு இன்னும் தாமதம். காய்ச்சினால் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடவே செய்யும். பிளீச்சிங் பவுடருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் வரும் நோய்) பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயர் இருக்கிறது.

ஒகேனக்கலிலிருந்து வரும் காவிரி ஆற்றுத் தண்ணீர் குறைகிற நாட்களில் தொட்டியில் போர் தண்ணீரைச் சேர்த்து விடுவது ஊர் வழக்கம். கோடையில் வேறு வழியில்லை என்பதும் புரிகிறது. ஆனால் எந்த விகிதத்தில் சேர்க்கிறோம் என்று கணக்கு இருக்க வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு: போர் தண்ணீரில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.5. போர் பங்கு 60 சதவீதம் ஆனால் 1.7. கால் பங்கோடு நிறுத்தினால் 1.0. தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில்தான் 1.5 வரை விடலாம். வேறு ஆதாரம் வேண்டும் என்பதற்காகவே ஆற்றிலிருந்து குழாய் போட்டு வந்திருக்கிறோம். அதனால் நம் இலக்கு 1.0 ஆக இருக்க வேண்டும். 1.5-க்குள் இருக்கிறது, பாஸ் என்று சொல்லிவிடுவது இந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இதற்குத் தீர்மானமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் காலிலும் ஒரு கறுப்புப் பலகை போதும். தொட்டியின் கொள்ளளவு, கடைசியாகக் கழுவிய தேதி, அன்றைக்கு ஏறியது ஆற்றுத் தண்ணீரா, போரா, கலப்பா, கடைசிச் சோதனையின் ஃப்ளோரைடு அளவும் தேதியும், போட்ட பிளீச்சிங் பவுடரின் எடை. கலப்பு விகிதம் மாறிய வாரத்தில் சோதனையும் புதிதாக எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த அளவை மே மாதத்திலும் பலகையில் விட்டுவைத்தால் பிரயோஜனம் இல்லை.

பிளீச்சிங் பவுடரின் எடையை ஏன் கேட்கிறோம் என்றால், அது வழக்கத்தின் பேரில் போடப்படும் பொருளாகிவிட்டது. 1 லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் மொத்தம் 200 கிராம். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் சுமார் 600 கிராம் போதும். பிரித்த மூட்டை வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 1 கிலோ வேண்டும். பழைய மூட்டையிலிருந்து அதே 600 கிராமைப் போட்டால் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் சோதனைக் குப்பியில் மஞ்சள் வரும், கோடித் தெருவில் வராது. போட்ட பிறகு அரைமணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும் என்பதும் அவசரத்தில் விடுபட்டுப் போகிறது.

சாக்கடைக்கு வருவோம். “அடைப்பு” என்று எழுதினால் தூர்வாரும் ஆட்கள் வருவார்கள், மண்டியை அள்ளிக் கரையிலேயே குவிப்பார்கள், அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போகும். அன்றே வண்டியில் ஏற்றும்படி வேலையைப் பிரிக்க வேண்டும். ஒருநாளில் ஏற்ற முடிகிற நீளம் மட்டும் வாரினால் போதும். வாரிய சில நாளிலேயே தண்ணீர் மறுபடி தேங்கினால் அது குப்பையால் வந்த அடைப்பு இல்லை, மட்டம் தப்பியது. பெரும்பாலும் சிறுபாலத்தின் தரை சாக்கடையின் தரையைவிட உயர்ந்திருக்கும், அல்லது புதிதாகப் போட்ட கான்கிரீட் வடிகால் வாட்டம் (சரிவு) இல்லாமல் படுத்திருக்கும். 200-க்கு 1 வாட்டம் என்றால் 30 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே இதை அளக்கப் போதும். அளந்த எண்ணைக் குறைக்குப் பக்கத்தில் எழுதினால், அந்தத் தெருவுக்குத் தூர்வாரும் ஆள் வேண்டுமா, எஸ்டிமேட் வேண்டுமா என்பது அப்போதே முடிவாகிவிடும். தெருவிளக்குக்கு இவ்வளவெல்லாம் தேவையில்லை. கம்ப எண்ணும், ஒரு விளக்கா வரிசை முழுக்கவா என்பதும் போதும்.

எழுதியபின் என்ன ஆகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஃபெருல் மாற்றுவது, மண்டி கழுவிவிடுவது போன்றவை பராமரிப்புக் கணக்கில் உடனே செய்யக்கூடியவை. மெயின் மாற்றுவது, சிறுபாலத்தை உடைத்துக் கட்டுவது என்றால் எஸ்டிமேட், அஜெண்டாவில் பொருள், தீர்மானம், டெண்டர், பணி ஆணை என்று மாதக்கணக்காகும். சிலவற்றில் நகராட்சிக்கே அதிகாரம் இருக்காது: ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது, கழிவுநீர் போய்ச் சேரும் ஓடை பக்கத்து ஊராட்சியுடையது. “இது எங்கள் வேலை, இந்தத் தேதிக்குள்”, “இதற்கு மன்றம் பணம் ஒதுக்க வேண்டும், இந்தக் கூட்டத்தில் வைக்கிறோம்”, “இது வேறு துறை, இந்த எண்ணில் கடிதம் எழுதியிருக்கிறோம்” என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு குறைக்கும் பதிலாக இருக்கட்டும். “ஆவன செய்யப்படும்” என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முடியாது என்று காரணத்தோடு எழுதினாலும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம்; அதை வைத்து அடுத்த வாசலைத் தட்டலாம்.

பகுதி சபைக் குறிப்பு, பதில்களோடு, அதற்கடுத்த நகர்மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஒரு பொருளாக வர வேண்டும். வந்தால்தான் 33 வார்டின் குறைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியும். இரண்டு வார்டுகளில் ஒரே வாரத்தில் ஒரே புகார் வந்தால் இரண்டுக்கும் தண்ணீர் போகும் தொட்டியைச் சந்தேகிக்க அப்போதுதான் வழி பிறக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, யாரும் மனுப் போடாமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. கூட்டக் குறிப்புகளை அந்த வகையில் வார்டு அலுவலக வாசலில் ஒட்டினால் 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருக்கும் மனுக்கள் உங்களுக்கும் குறையும்.

கூட்ட நேரம் பற்றியும் ஒன்று. காலை 11 மணிக்கு வைத்தால் கூலி வேலைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் வர முடியாது. வருகிறவர்கள் சொல்வதே ஊரின் குறையாகப் பதிவாகும். மாலை 6 மணிக்கு மேல், தெருவிலேயோ பள்ளி வளாகத்திலோ வையுங்கள். ஃபிட்டரும் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரும் கண்டிப்பாக வர வேண்டும். எந்த வால்வு எத்தனை சுற்றுக்குப் பிறகு இறுகும், எது பாதியில் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பேச நாற்காலி போடுங்கள்.

அடுத்த பகுதி சபைக்கு முன்பு தொட்டிப் பலகைகளையாவது எழுதி வைத்துவிடுங்கள். நோட்டில் கட்டம் போட்டுத் தர, கதவு எண்களைக் கேட்டு எழுத, மட்டம் அளக்க ஒவ்வொரு தெருவிலும் ஆள் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி நகரக் குடியிருப்போர்