மேடைக் கலைஞரைத் தொகுப்பாளராக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு

வணக்கம்.

ஒற்றை மைக்கை வைத்துக்கொண்டு அரங்கத்தையே சிரிக்க வைப்பவர்களைத் தேடிப் பிடித்து நிகழ்ச்சி கொடுக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் கூட்டிவந்த பிறகு அவர்களைப் படுத்தும் பாடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இப்படித் தனியாக மேடையில் நின்று சிரிக்க வைக்கும் ஸ்டாண்டப் கலைஞர் ஒரு ஜோக்கை ஒரே நாளில் எழுதி முடிப்பதில்லை. இன்று ஓர் இடத்தில் சொல்லிப் பார்ப்பார். சிரிப்பு வராவிட்டால் நாளை ஒரு சொல்லை எடுத்துவிடுவார், நாளை மறுநாள் அதே இடத்தில் ஒரு நொடி சும்மா நிற்பார். அந்த ஒரு நொடியில்தான் கூட்டம் வெடித்துச் சிரிக்கும். உங்கள் ஸ்டுடியோவில் அவர் அப்படி நின்றால், "அடுத்ததுக்குப் போங்க" என்று காதுக்குள் குரல் கேட்கிறது. எதிரே வேறு யாரோ எழுதிய வரிகள் பிராம்ப்டர் திரையில் ஓடுகின்றன. எதற்காக அவரைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அதையே பறித்துவிட்டு, ரேட்டிங் இல்லை என்று சில வாரங்களில் நிகழ்ச்சியை நிறுத்துவது என்ன நியாயம்?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவிட் லெட்டர்மேனை நினைத்துப் பாருங்கள். 1980இல் என்பிசி தொலைக்காட்சி அவருக்குக் காலை நேர நிகழ்ச்சி ஒன்று கொடுத்தது. அவருடைய குத்தலான கிண்டல் அந்த நேரத்துப் பார்வையாளர்களிடம் எடுபடவில்லை. சுமார் நான்கே மாதத்தில் நிகழ்ச்சி முடிந்தது. அதோடு அவரைக் கைகழுவியிருக்கலாம். என்பிசி அப்படிச் செய்யவில்லை. 1982இல் நள்ளிரவு தாண்டிய நேரத்தைக் கொடுத்தது. அதே ஆள், அதே கிண்டல். மாறியது நேரம் மட்டும்தான். பிறகு இன்னொரு தொலைக்காட்சியான சிபிஎஸ்ஸுக்குப் போய் 2015 வரை இரவு நிகழ்ச்சியில் நிலைத்து நின்றார். இன்னொரு ஸ்டாண்டப் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட்டின் பேட்டி நிகழ்ச்சியும் 1995இல் நின்றுபோனதுதான். 1999இல் செய்திகளைக் கிண்டலடிக்கும் 'தி டெய்லி ஷோ' கைக்கு வந்ததும் அரசியல் நையாண்டிக்கே புது முகம் கொடுத்தார். இவர்களை முதல் சறுக்கலோடு எல்லோரும் ஒதுக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

இன்னொன்று. தொகுப்பாளர் ஆனதும் மேடைப் பக்கமே போகக் கூடாது என்று தடுக்காதீர்கள். ஸ்டாண்டப் கலைஞர் ஜே லெனோ, என்பிசியின் இரவு நிகழ்ச்சியான 'தி டுநைட் ஷோ'வை நடத்திய காலத்திலும் கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் உள்ள காமெடி கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையேறி வந்தார். ஸ்டூவர்ட்டுக்கு அடுத்த தொகுப்பாளரான டிரெவர் நோவா 2022இல் 'தி டெய்லி ஷோ'வை விட்டுக் கிளம்பியபோது, மறுபடி ஊர் ஊராகப் போய் ஸ்டாண்டப் செய்யும் ஆசையைச் சொன்னார். முன்பின் தெரியாத கூட்டத்தின் முன் நின்று பேசினால்தான் இவர்களுக்குப் புது விஷயம் கிடைக்கும். அது வற்றினால் உங்கள் நிகழ்ச்சியும்தான் வற்றும்.

அதனால் அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள். எழுத்துக் குழுவை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வருடமாவது ரேட்டிங்கைக் காட்டி நிறுத்த மாட்டோம் என்ற உறுதி இருக்கட்டும். அப்புறம், வாரத்தில் ஓர் இரவு படப்பிடிப்பு வேண்டாம். அது அவருடைய மேடைக்கு.

அன்புடன்,
ஒரு ரசிகர்