நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பு பற்றிய தங்கள் கட்டுரையில் தையல் காயம், உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் இருந்தன. இதயத் துடிப்பு தாளம் தப்புவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

பைபாஸ் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்காவது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற இந்தத் தாளக் கோளாறு வருகிறது. வால்வு மாற்றியவர்களுக்கு இன்னும் அதிகம். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும்; நீடித்தால் அங்கே இரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் வரும். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றி மானிட்டரைக் கழற்றுகிற நேரமும், 'கண்டம் தாண்டியாயிற்று' என்று வீட்டார் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகிற நேரமும் அதுவே. நடமாடும்போதும் துடிப்பைக் கண்காணிக்கும் டெலிமெட்ரி எல்லா வார்டுகளிலும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு ஒரு பெரியவர், "வாயுதான் சிஸ்டர், கொஞ்சம் ஓமத்தண்ணீர் போதும்" என்றார். மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை. இசிஜியில் நிமிடத்துக்கு 140. தாளம் தப்புவதைத் தூண்டக்கூடிய பொட்டாசியக் குறைவும் இரத்தத்தில் இருந்தது. மருந்து கொடுத்ததும் விடிவதற்குள் சீரானது. அவருக்குப் படபடப்பே தெரியவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

இதே கோளாறு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். அங்கே யார் பார்ப்பது? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய இசிஜி கைக்கடிகாரம் இருந்தால் நல்லதுதான். இல்லாதவர்களுக்கு மூன்று விரல் போதும். கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் வைத்து, காலையும் மாலையும் ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். எத்தனை என்பதோடு, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. 'இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே' என்று இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோபுரோலால் மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களையும் அப்போதே எச்சரித்துவிடலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது என்று எழுத இடம் இருக்கிறது. நாடி தாறுமாறாக இருந்தால் இரவானாலும் எந்த எண்ணை அழைப்பது என்று அதன்கீழே ஒரு வரி சேர்க்க மருத்துவமனைகள் முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை